மனைவி பெயரில் உள்ள பணமும் வீடும்: டொரன்டோவில் தனித்திருக்கும் எழுத்தாளருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 58 வயது. மனைவியோடு 14 ஆண்டுகளாக டொரன்டோவில் இருந்தேன். நாவலும் மொழிபெயர்ப்பும்தான் தொழில். செவிலியராக வேலை பார்த்த என் மனைவி இந்தப் பிப்ரவரியில் இறந்துபோனாள். குழந்தைகள் இல்லை, உயிலும் எழுதவில்லை. இருவருமே இந்தியக் குடிமக்கள், இங்கே நிரந்தரவாசிகள். வீட்டுக் கணக்கு முழுவதும் அவள் கையில்தான் இருந்தது.

இங்கே அவளுடைய குழு ஆயுள் காப்பீடு 1,20,000 டாலர், ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பு 1,80,000, டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்பு 60,000. மூன்றிலும் பயனாளி நான். வேலையிட ஓய்வூதியமும் உண்டு. காண்டோ (அடுக்குமாடி வீடு) இருவர் பெயரிலும் கடனோடு இருக்கிறது. மாதச் செலவு 3,900 டாலர். என் வருமானம் சராசரியாக 1,500. ஊரில், வெளிநாடு வருமுன் இருவர் பெயரிலும் வாங்கிய சென்னை ஃப்ளாட் (வாடகை 18,000 ரூபாய்), அவள் அப்பா வழியில் வந்த தஞ்சாவூர் வீடு, அவள் சம்பாதித்துப் போட்ட 22 லட்ச ரூபாய் வைப்புநிதி (நாமினி அவள் தம்பி) ஆகியவை இருக்கின்றன. அவளுடைய ஏடிஎம் கார்டு என் தங்கை மகனிடம் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்புக்கு அவன்தான் பணம் எடுக்கிறான்.

நாவலுக்கு வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது. ஒரு வரிகூட ஓடவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தஞ்சாவூர் வீட்டில் போய் உட்காரலாமா என்று தோன்றுகிறது. அவள் பெயரில் 25 லட்சத்தில் ஓர் இலக்கிய விருதும் வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

அந்த ஏடிஎம் கார்டிலிருந்து தொடங்குங்கள். இன்றே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ பணம் எடுப்பது, அது வீட்டு வரிக்கே ஆனாலும், அனுமதியில்லாத செயல். நாளை உங்கள் மைத்துனரோடு சிறு மனக்கசப்பு வந்தால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இந்த ஸ்டேட்மென்ட்தான். இதுவரை எடுத்ததற்குத் தேதி, தொகை, செலவு மூன்றையும் எழுதி ரசீதுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். இனி பராமரிப்புச் செலவு உங்கள் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) போகட்டும்.

ஆனால் அவருடைய கைபேசி எண்களையும் மின்னஞ்சலையும் ஓராண்டுக்காவது உயிரோடு வைத்திருங்கள். கணக்கு பார்த்தவர் போய்விட்டால் எங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது அவருக்கு வரும் குறுஞ்செய்தியும் பிரீமிய நினைவூட்டலும்தான். இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே கைவிட்டுப் போகும்.

உங்கள் விஷயத்தில் கனடாப் பக்கம் எல்லாவற்றுக்கும் கெடு இருக்கிறது. இந்தியப் பக்கம் அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் அங்கே தவறான ஒரு கையெழுத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே இந்த ஆண்டு கனடா வேலைகளை முடியுங்கள். இந்தியாவில் காகிதங்களை மட்டும் சேகரியுங்கள்.

முதல் கெடு ஆகஸ்டில் வருகிறது. உங்கள் மனைவி பிப்ரவரியில் இறந்ததால் போன ஆண்டுக்கான அவருடைய வரிக்கணக்கை அநேகமாக யாரும் தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 30 தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம். இப்படி நேர்ந்தால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து இறந்த நாள் வரைக்கான இறுதிக் கணக்கு தனி. எழுத்து உங்கள் சொந்தத் தொழில் என்பதால் அதைத் தாக்கல் செய்ய அடுத்த ஆண்டு ஜூன் 15 வரை நேரம் இருக்கிறது. கட்ட வேண்டிய வரி இருந்தால் மட்டும் அது ஏப்ரல் 30க்குள் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டு தேதிகளையும் ஒன்றென்று நினைத்து வட்டி கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது சிபிபி, அதாவது கனடா அரசின் ஓய்வூதியத் திட்டம். இறப்புத் தொகை 2,500 டாலர் ஒரே முறை வரும். அதற்கு வரி உண்டு. பெரியது மாதாமாதம் வரும் வாழ்க்கைத்துணை ஓய்வூதியம். 65 வயதுக்குக் கீழே இருப்பதால் உங்களுக்கு ஒரு நிலையான தொகையும், அவருக்கு வந்திருக்க வேண்டிய ஓய்வூதியத்தில் 37.5 சதவீதமும் சேர்ந்து கிடைக்கும். இரண்டுக்கும் விண்ணப்பம் வெவ்வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. நிலுவை ஏறக்குறைய ஓராண்டுக்கு மட்டும்தான் தருவார்கள். அடுத்த பிப்ரவரியைத் தாண்டினால் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் நஷ்டம்.

வேலையிட ஓய்வூதியத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்வதா, மாதாமாதம் வாங்குவதா என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கும், அல்லது வரும். அதில் போட்டிருக்கும் கெடுவைப் பாருங்கள். உங்கள் இடத்தில் நான் தயங்காமல் மாதாந்திரத்தைத் தேர்வேன். ராயல்டி எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாத தொழிலில் இருப்பவருக்கு, முதல் தேதி தவறாமல் வரும் தொகைக்கு இணை வேறில்லை. அதே கடிதத்தில் மருத்துவ, பல் காப்பீடு உங்களுக்குத் தொடருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆர்ஆர்எஸ்பியில் நீங்கள் பயனாளி என்பதால் வரி இல்லாமல் உங்கள் ஆர்ஆர்எஸ்பிக்கே மாற்றலாம். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை அவகாசம். ரொக்கமாக வாங்கி வைத்துக்கொண்டால் 1,80,000 டாலரும் அவருடைய இறுதிக் கணக்கிலோ உங்கள் கணக்கிலோ ஒரே ஆண்டு வருமானமாகிவிடும். வங்கியில் ‘நேரடி மாற்றம்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

டிஎஃப்எஸ்ஏவில்தான் அதிகம் வழுக்குகிறது. அதில் ‘வாரிசுக் கணக்குதாரர்’ என்று உங்களைக் குறித்திருந்தால் கணக்கு அப்படியே உங்களுடையதாகியிருக்கும். நீங்கள் எழுதியபடி ‘பயனாளி’ என்றுதான் இருந்தால் பணம் வெளியே வந்துவிடும். அதை உங்கள் டிஎஃப்எஸ்ஏவில், உங்கள் பங்களிப்பு வரம்பைத் தொடாமல், அடுத்த ஆண்டு டிசம்பர் 31க்குள் போடலாம். இறந்த அன்றைய மதிப்புக்கு மேல் போடக் கூடாது. போட்ட 30 நாளுக்குள் ஆர்சி240 என்ற படிவத்தை வருவாய் முகமைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு படிவத்தை மறந்தால் அந்த 60,000 வரம்பு மீறிய பங்களிப்பாகி, மாதத்துக்கு 1 சதவீதம் தண்டவரி ஏறத் தொடங்கும்.

காண்டோ பத்திரத்தில் இருவரும் ‘கூட்டு உரிமையாளர்’ (joint tenants) என்று இருக்கிறதா, ‘பங்கு உரிமையாளர்’ (tenants in common) என்று இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். முதலாவதாக இருந்தால் இறப்புச் சான்றை வைத்து உங்கள் பெயருக்கு மாற்றுவது எளிது; நீதிமன்றச் சான்றும் ஒன்டாரியோ எஸ்டேட் வரியும் அதற்கு வேண்டாம்.

காப்பீட்டுப் பணத்துக்கு வரி இல்லை. அதை வைத்துக் கடனை அடைக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை தருவார்கள். இப்போது செய்யாதீர்கள். உங்களுக்கு மாதம் 2,400 டாலர் துண்டு விழுகிறது. இரண்டு ஆண்டுக்கு 57,600. ஓய்வூதியங்கள் வரத் தொடங்கினால் பள்ளம் சிறிதாகும், ஆனால் அவை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. 60,000 டாலரைச் சேமிப்புக் கணக்கிலும், வேண்டும்போது எடுக்கக்கூடிய ஜிஐசியிலும் (கனடா வங்கியின் நிலையான வைப்பு) வையுங்கள். மீதியையும் ஓராண்டு ஜிஐசியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வகைக்கு 1,00,000 டாலர் வரைதான் என்பதால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். கடனில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க மறுபடி கடன்தான் கேட்க வேண்டும், நிலையான சம்பளம் இல்லாதவருக்கு அது கிடைப்பது சிரமம்.

இனி ஊர் விஷயம். மனதுக்குக் கஷ்டமான செய்தி ஒன்று: நீங்கள் போய் உட்கார நினைக்கும் தஞ்சாவூர் வீடு அநேகமாக உங்களுடையதாகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 15(2)இன்படி, ஒரு பெண்ணுக்குத் தாய் தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, அவர் உயிலும் குழந்தையும் இல்லாமல் இறந்தால், கணவருக்குப் போவதில்லை. அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்புகிறது. கூரை மாற்ற நீங்கள் பணம் அனுப்பியிருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த வீடு எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். மாமனார் தம் காலத்திலேயே மகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதியிருந்தாலோ உயிலில் கொடுத்திருந்தாலோ அது இந்தப் பிரிவுக்குள் வராது, உங்களுக்கே வரும். வில்லங்கச் சான்றிதழும் மூல ஆவணத்தின் நகலும் எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டும்வரை மைத்துனரிடம் உரிமை பேசவும் வேண்டாம், உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

சென்னை ஃப்ளாட் வேறு. இந்தியாவில் இருவர் பெயரில் பத்திரம் இருந்தால் ஆளுக்குப் பாதி என்றுதான் பொருள்; ஒன்டாரியோ காண்டோ போல மற்றவருக்குத் தானாகப் போகாது. அவருடைய பாதி சொந்தச் சம்பாத்தியம் என்பதால் வாரிசு நீங்கள்தான். அதற்குரிய காகிதம் வாரிசுச் சான்றிதழ். குழந்தையில்லாதவர் இறந்தால் சில வட்டாட்சியர்கள் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதுண்டு. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஒவ்வொன்றாக மாறும்.

வைப்புநிதி நாமினியான மைத்துனரிடம் போகும், வங்கியின் பொறுப்பு அதோடு முடியும். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஆள், உரிமையாளர் அல்ல. உரிமை உங்களுடையது. வழக்குப் பேச்சை எடுக்காமல், வாங்கியதும் உங்கள் என்ஆர்ஓ கணக்கில் போடுமாறு அன்பாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எழுத்தில் இருக்கட்டும்.

இத்தனைக்கும் அடிப்படை இறப்புச் சான்றுதான். ஈமச்சடங்கு நிறுவனம் கொடுத்த தாள் இந்தியாவில் செல்லாது. மாகாண அரசின் சான்றிட்ட பதிவு நகல் மூன்று வாங்கி, மூன்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடு ஏற்கச் செய்யும் சான்று) பெறுங்கள். கனடா 2024 ஜனவரி 11 முதல் அந்த உடன்படிக்கையில் இருப்பதால் இதற்குத் தூதரகம் வரை அலைய வேண்டாம். வேலை நிற்கும் இடம் பெரும்பாலும் பெயர்தான்: பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் கடைசிப் பெயராக, பட்டாவில் அப்பா இன்ஷியல், வங்கியில் வேறு எழுத்துக்கூட்டல். மூவரும் ஒருவரே என்று இப்போதே ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொள்ளுங்கள்.

தங்கை மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்காதீர்கள். பட்டா, வரி, மின்வாரியம், வங்கிக் கோரிக்கை என்று வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விற்கும் அதிகாரம் இல்லாத தனி அதிகாரப் பத்திரம் போதும். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஊரில் அதை மேசை டிராயரில் வைத்துக் கெடுவைத் தவறவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பச் சொல்வார்கள், கவனம்.

ஃப்ளாட் முழுவதும் உங்களிடம் சேர்ந்த பிறகு, வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்க மதிப்பு 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் கனடா வருவாய் முகமைக்கு டி1135 படிவம் தர வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு 25 டாலர், 2,500 வரை. கனடாக் கணக்கில் உங்கள் அடக்க விலை வாங்கியபோது கொடுத்த விலை அல்ல. நீங்கள் இங்கே குடிவந்த நாளின் சந்தை மதிப்பு. அதற்கு ஒரு மதிப்பீட்டாளர் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். விற்கும் நாளில் வரியைக் கணிசமாகக் குறைப்பது அதுதான். விற்கும்போது இந்தியாவில், வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால், வாங்குபவர் லாபத்துக்கு அல்லாமல் மொத்த விலைக்கே வரி பிடிப்பார். வருமான வரித்துறையிடம் குறைந்த விகிதப் பிடித்தச் சான்று வாங்காமல் கிரயத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

ஊர் திரும்புவது பற்றி: கனடா நிரந்தரவாசத்துக்கு ஐந்து ஆண்டில் 730 நாள் இங்கே இருந்தால் போதும். ஆகவே எதையும் விற்காமல் ஆறு மாதம் வாடகை வீட்டில் தஞ்சாவூரில் இருந்து பார்க்கலாம். கிளம்புமுன் மாகாண மருத்துவக் காப்பீட்டின் வருகை விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வரிக் குடியிருப்பை முறித்துக்கொண்டு கிளம்பினால் சென்னை ஃப்ளாட் உட்படப் பல சொத்துகளை விற்றதாகவே கருதி வரி போடுவார்கள். அது சாவகாசமாக எடுக்க வேண்டிய முடிவு.

பதிப்பாளருக்கு, கையெழுத்துப்படி தர வேண்டிய தேதியை 18 மாதம் தள்ளி ஒரு திருத்த ஒப்பந்தம் கேளுங்கள். வாய்மொழிச் சம்மதம் போதாது. தேதி தவறினால் முன்பணத்தைத் திருப்பக் கேட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும்.

விருது நல்ல எண்ணம். அறக்கட்டளைப் பத்திரம் மட்டும் இப்போது வேண்டாம். பொதுநல அறக்கட்டளைக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. 25 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1,75,000. என்ஆர்ஓ வட்டியில் வரிப்பிடித்தம் 31.2 சதவீதம் வரை போகும், கனடாவில் வரிக்குரிய குடியிருப்பாளர் என்ற சான்று கொடுத்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15. இந்திய அறக்கட்டளைக்குக் கொடுத்ததற்குக் கனடாவில் வரிச் சலுகை கிடையாது. இன்னொன்று: இந்தியக் குடிமகனாக நீங்கள் வங்கி வழியே கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டால் அதே பணம் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்ட விதிகளுக்குள் வரும், அதை வாங்கச் சிறு அறக்கட்டளைகளுக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. முதல் இரண்டு ஆண்டு 22 லட்சத்தின் வட்டியிலிருந்து மட்டும், உங்கள் பெயரிலேயே, 50,000 ரூபாய் விருதாகக் கொடுங்கள். தேர்வுக்குழு, விழா, பயணம் எல்லாவற்றுக்கும் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு கையில் வந்த பிறகு, பத்திரத்தில் எந்தத் தொகையை எழுதுவது என்று பேசலாம்.