மேல்முறையீடும் மேட்டு பங்களாவும்

கேள்வி: மன்ற உறுப்பினர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மலேசியாவில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் 300 பேர் கையெழுத்திட்டு மாவட்ட மன்றத்தில் (ஊரை நிர்வகிக்கும் ஊராட்சி மன்றம்) மனு கொடுத்தோம். நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா? (பெயர், ஊர் போடாதீர்கள். கடை லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும்.)

பதில்: 'மேல்' என்கிறீர்களே, அங்கேதான் தோட்டத்து ரத்தம் பேசுகிறது. அப்பா காலத்தில் மேல்முறையீடு என்றால் நிஜமாகவே மேடு ஏறுவது. கீழே தொழிலாளர் லயம், நடுவில் கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு, உச்சியில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா. ரப்பர் பால் எடையைக் குறைத்து எழுதினால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும். அவர் கிராணியைக் காட்டுவார், கிராணி பங்களாவைக் காட்டுவார். அங்கே வழக்கை முதலில் விசாரிப்பது துரையின் நாய். பாதி மனுக்கள் கேட்டிலேயே தள்ளுபடி. என் மாமா கருவாட்டுத் தலையோடு போனார். நாய் சமாதானமாகிவிட்டது, துரை ஆகவில்லை. மறுநாளிலிருந்து நாய்தான் லயத்துக்கு இறங்கி வந்து மாமாவிடம் முறையிட்டது.

சரி, உங்கள் மனு. தேர்தல் வைக்கும் அதிகாரம் மன்றத்துக்கே இல்லை. 1965-ல், மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா தொடுத்த மோதலைச் சொல்லி ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் மறுவருடமே முடிந்தது, தேர்தல் மட்டும் வரவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் (நேதாஜியின் ஜான்சி ராணிப் பெண்கள் படையில் இருந்த ஜானகியின் கணவர்) தலைமையில் ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையம், தேர்தல் வேண்டும் என்றே 1968-ல் அறிக்கை கொடுத்தது. தமிழர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை நாமே மறந்துவிட்டோம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கதவைச் சாத்தியது. தலைவர் போக 8 முதல் 24 உறுப்பினர்கள், எல்லாரும் மாநில அரசின் நியமனம். பினாங்கு மாநில அரசே தனிச் சட்டம் போட்டுக் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறி, 2014-ல் வெறுங்கையோடு இறங்கியது.

மன்றத்தின் முடிவை உயர் நீதிமன்றம் மறு ஆய்வு செய்யக் கேட்கலாம், 3 மாதத்துக்குள். ஆனால் அங்கேயும் அதே 15-ஆம் பிரிவுதான் கேட்டில் படுத்திருக்கும். அதை எழுப்பிவிடக்கூடியது நாடாளுமன்றம் மட்டுமே. மனுவை உங்கள் எம்.பி.யிடம் கொண்டுபோங்கள்.

போகும்போது பொன்னாடை வேண்டாம். நியமன உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வந்தால் முதல் மரியாதை, வாக்குச் சீட்டு கேட்க ரகசிய மனு! இதை முன்பு ஒருமுறை எழுதியதற்காக எங்கள் பட்டணத்துக் கோயில் தலைவர் ஒருவர் ஆறு வருடமாக என்னோடு பேசுவதில்லை. பிரசாதம் மட்டும் ஆள் மூலம் வருகிறது. சர்க்கரைப் பொங்கலில் இப்போது முந்திரி இல்லை.