அடிபட்ட கார், சால்வேஜ் டைட்டில்: டெக்சாஸ்ல வாங்குறவங்களுக்கு கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஏலத்துல ஒரு கேம்ரி பாதி விலைக்கு வருது, சால்வேஜ் டைட்டில். வாங்கி அப்படியே வீட்டுக்கு ஓட்டிட்டு வரலாமா?

பதில்: கூடாதுப்பா. டைட்டில்னா வண்டியோட உரிமைப் பத்திரம், பெரிய சேதம் ஆன வண்டிக்கு கொடுக்கிறது தான் சால்வேஜ் டைட்டில். சால்வேஜ் டைட்டில்ல இருக்கிற வரைக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது, ரோட்டுல இறக்கவும் முடியாது, டோ ட்ரக்ல தான் ஏத்திட்டு வரணும். ஏலத்துல 'ரன் அண்ட் ட்ரைவ்'னு போட்டிருக்கேன்னு மயங்கிடாதே, யார்டுக்கு வந்த அன்னிக்கு ஸ்டார்ட் ஆகி கியர்ல கொஞ்சம் நகர்ந்துச்சுங்கிறதுக்கு மேல அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

கேள்வி: சால்வேஜ், நான்ரிப்பேரபிள், ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்லவே இல்ல, இங்க தான் நிறைய பேர் காசை விடுறாங்க. சால்வேஜை ரிப்பேர் பண்ணி மறுபடி ரோட்டுக்கு கொண்டு வரலாம். நான்ரிப்பேரபிள்னா பார்ட்ஸுக்கும் ஸ்க்ராப்புக்கும் மட்டும்தான், நீ தங்கத்துல இழைச்சாலும் நம்பர் பிளேட் கிடைக்காது. ஏலத்துல பணம் கட்டுறதுக்கு முன்னாடி டைட்டில் வகையை ரெண்டு தடவை படி.

கேள்வி: சரி, ரிப்பேர் முடிச்சாச்சு. அடுத்து என்ன சார் பண்ணணும்?

பதில்: சால்வேஜ் டைட்டில், 130-யு ஃபார்ம் (டைட்டில் விண்ணப்பம்), விடிஆர்-61 ஃபார்ம் (ரிப்பேர் விவரம்) எல்லாம் எடுத்துக்கிட்டு கவுண்டி டாக்ஸ் ஆஃபீஸ் போங்க, வழக்கமான ஃபீஸ் போக ரீபில்டுக்குன்னு தனியா 65 டாலர். அந்த 61ல தான் என்னென்ன பெரிய பார்ட் மாத்தினீங்க, எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதணும், அதனால டோர், பம்பர் வாங்குறப்பவே பில்லை பத்திரமா வைங்க, பழைய பார்ட்னா அது எந்த வண்டியில இருந்து கழட்டினதோ அதோட வின் நம்பரையும் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) கேட்டு வாங்கிடுங்க, திருட்டு வண்டியை உடைச்சு விக்கிறவன்கிட்ட மாட்டிக்கக் கூடாதுல்ல. புது டைட்டில்ல 'ரீபில்ட் சால்வேஜ்'னு விழும், அது எந்தக் காலத்துலயும் அழியாது.

கேள்வி: என் சொந்த வண்டியையே இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்ணிக் கட்டுப்படியாகாதுன்னு சொல்லிட்டான். நானே வச்சுக்கலாமா அண்ணா?

பதில்: வச்சுக்கலாம், வண்டியோட சால்வேஜ் மதிப்பை கழிச்சுக்கிட்டு மிச்சத்தை கொடுப்பான். ஆனா அவன் ஸ்டேட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பிடுவான், அப்புறம் உங்களுக்கும் அதே பேப்பர் வேலை தான்.

கேள்வி: க்ளீன் டைட்டில்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்ல ப்ரோ?

பதில்: அய்யோ, வேண்டாம். அடுத்தவங்க சேதத்துக்கு மட்டும் காசு தர்ற லையபிலிட்டி இன்சூரன்ஸ் வச்சிருந்தவன் தானே எங்கேயாவது முட்டி, க்ளெய்ம் போடாம கைக்காசுல தட்டி ஒட்டியிருந்தா டைட்டில்ல ஒண்ணும் ஏறாது. வேற ஸ்டேட்டுல பதிஞ்சு, டைட்டில்ல இருக்கிற 'சால்வேஜ்' மாதிரி முத்திரையை (பிராண்டு) கழுவுற ஆளுங்களும் இருக்காங்க. 2017ல ஹார்வி புயலுக்கு அப்புறம் ஹூஸ்டன்ல லட்சக்கணக்கான வண்டி தண்ணியில நின்னுச்சு. என்எம்விடிஐஎஸ் (நாடு முழுக்க உள்ள டைட்டில் பதிவேடு) ரிப்போர்ட் சில டாலர் தான், திருட்டு, சால்வேஜ் பதிவு இருக்கான்னு காட்டுற என்ஐசிபி வின்செக் ஃப்ரீ, ரெண்டையும் பாத்துடு. அப்புறம் நேர்ல போனா, வெள்ளத்துல நின்ன வண்டியான்னு தெரிஞ்சுக்க சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு. வெளியே தெரியிற பகுதியை எல்லாரும் துடைச்சிடுவாங்க, உள்ளே சுருண்டிருக்கிற கடைசி ஒரு அடியில சேறு கோடு மாதிரி நிக்கும். சீட்டுக்கு அடியில போல்ட்டுல துரு இருந்தா பேரமே பேசாதே, திரும்பி வந்துடு.

கேள்வி: ரீபில்ட் வண்டிக்கு லோன், ஃபுல் கவரேஜ் கிடைக்குமா அக்கா கேக்கச் சொன்னாங்க.

பதில்: லோன் நிறைய பேங்க் தராது. லையபிலிட்டி கிடைச்சிடும், நம்ம வண்டி சேதத்துக்கும் சேர்த்து தர்ற ஃபுல் கவரேஜ் கம்பெனிக்கு கம்பெனி மாறும், வாங்குறதுக்கு முன்னாடியே வின் நம்பர் சொல்லி எவ்வளவு ஆகும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட கேட்டுக்கச் சொல்லுங்க. ரெண்டு வருஷத்துல விக்கிற எண்ணம் இருந்தா இதுல இறங்கவே வேண்டாம்னு சொல்லிடுங்க.