மெழுகு இளகினால் வீணை கெட்டுவிடாது

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறோம். மகள் வீணை கற்கிறாள். இந்தக் கோடையில் மெழுகு இளகி, அதில் பதித்திருக்கும் மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கம்பிகள்) நகர்ந்து, சுருதியே சேரவில்லை. மெழுகே இல்லாத எலெக்ட்ரானிக் வீணை வாங்கச் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் "நம்ம ஏரியாவுல வீணையா?" என்று சிரிக்கிறார்கள். எனக்கும் சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எலெக்ட்ரானிக் வீணை வாங்குவதும் வாங்காததும் உங்கள் சௌகரியம். ஆனால் "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வீணை தனம்மாள் (1867–1938) எங்கே இருந்தார்? ஜார்ஜ் டவுனில். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களெல்லாம் அந்த வீடு தேடி வந்து உட்கார்ந்தார்கள். பாடகிகள் பிருந்தாவும் முக்தாவும், பரதநாட்டியம் ஆடிய பாலசரஸ்வதியும் அவருடைய பேத்திகள். அக்கம்பக்கம் சிரித்தால் சிரிக்கட்டும், அப்பா நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள். குழந்தைக்குக் காது உண்டு.

சரி, மெழுகுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா வீணை வைத்திருந்தார். கோடை முடிந்ததும் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிக்க, ஒருவர் வருவார். திண்ணையில் வீணையைக் கிடத்தி, தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகைச் சூடான கம்பியால் இளக்குவார். மெட்டைப் பதித்து, ஒரு கையால் தந்தியை அழுத்தி, மறு கையால் மீட்டிக் கேட்பார். நகத்தால் லேசாக ஒரு தள்ளு. மறுபடி மீட்டுவார். பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஷட்ஜம் (மேல் ஸ) கச்சிதமாகச் சேரும்வரை யாரோடும் பேசமாட்டார். மொத்தம் 24 மெட்டு, அத்தனைக்கும் இதே பாடு.

கிட்டாரில் கணக்குப் போட்டு மரத்தில் கீறி, கம்பியை அடித்து இறக்கிவிடுகிறார்கள். அந்த வாத்தியத்துக்கு அது சரி. வீணையில் மெட்டு உயரம், தந்தியை அழுத்தும்போது அது இழுபடும், சுருதி கொஞ்சம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் கனத்தைப் பொறுத்தது. மெல்லிய சாரணித் தந்திக்கும் தடித்த அனுமந்தரத் தந்திக்கும் கனம் வேறு, ஆனால் நாலு தந்திக்கும் அடியில் இருப்பது ஒரே மெட்டு. நாலுக்கும் ஒத்துவர அதைச் சில இடத்தில் மயிரிழை சாய்த்து வைக்க வேண்டியிருக்கும். மெட்டுகள் ஏறியிருக்கும் பலாமரத் தண்டி வருஷம் போகப்போக வளையும், தந்தியின் உரசலில் மெட்டில் பள்ளம் விழும். அப்போதெல்லாம் மெட்டை எடுத்து, ராவி, திரும்பப் பதிக்க மெழுகு இடம் கொடுக்கிறது. நீங்கள் குறையென்று நினைப்பதால்தான் ஒரு வீணை தலைமுறை தாண்டி வாசிக்கக் கிடைக்கிறது.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டோம். மேளம் கட்ட வருகிறவரிடம் ஆட்டோக்காரரிடம் பேசுவதுபோல் பேரம் பேசுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காது ஒரே நாளில் வந்ததா?

இப்போதைக்கு வீணையை ஷீட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம். மகளின் டீச்சரிடம் கேட்டு மேளம் கட்டத் தெரிந்தவரை வரவழையுங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள். அன்றைக்குப் பிள்ளை ஸ்கூலுக்கு லீவு போடட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து 24 மெட்டும் ஏறுவதைப் பார்க்கட்டும்.