எஸ்ஸா, இசட்டா? ஆங்கில எழுத்துக் குழப்பங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ‘ஆர்கனைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை இசட் போட்டு எழுதியதற்காக என் மகளுக்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அது அமெரிக்க வழக்கு என்கிறார் ஆசிரியை. சரிதானா?

பதில்: சரியில்லை. அந்த அரை மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள். இசட்டைப் பார்த்தாலே அமெரிக்கா என்று முடிவுகட்டுவது பிழை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டினால் ஆர்கனைஸ், ரியலைஸ் போன்ற சொற்களுக்கு இசட் வடிவமே முதலில் இருக்கும். இச்சொற்களின் முடிவில் வரும் ‘ஐஸ்’ என்ற விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அங்கே இசட் ஒலிக்குரிய எழுத்துதான் உண்டு. பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் எஸ் போடுகின்றன. பிரிட்டனில் இரண்டுமே சரி. அமெரிக்காவில்தான் இசட் மட்டும்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். அட்வர்டைஸ், சர்ப்ரைஸ், எக்ஸர்சைஸ் மூன்றுக்கும் இரு நாடுகளிலும் எஸ்தான். இவற்றில் இருப்பது அந்தக் கிரேக்க விகுதி அல்ல. ‘அனலைஸ்’ இன்னும் சிக்கலானது: இசட்டை விரும்பும் ஆக்ஸ்ஃபோர்டே இங்கு எஸ் போடுகிறது, அமெரிக்கர்கள் இசட் போடுகிறார்கள்.

அசல் அமெரிக்க மாற்றங்கள் வேறு. ‘கலர்’ யு-வை இழந்ததும், ‘சென்டர்’ என்பதன் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறியதும் நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதியால் அங்கே நிலைபெற்றவை. நாக்கைக் குறிக்கும் ‘டங்’ என்ற சொல்லையும் டி-யு-என்-ஜி என்று சுருக்கப் பார்த்தார் மனிதர். மக்கள் ஏற்கவில்லை.

கேள்வி: லைசென்ஸ், பிராக்டிஸ் ஆகியவற்றில் சி எங்கே வரும், எஸ் எங்கே வரும்?

பதில்: பிரிட்டிஷ் வழக்கில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். சட்டைப்பையில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கு சி. உரிமம் வழங்குவதற்கு எஸ். மெய்ப்புத் திருத்துவோருக்கே கை தடுமாறும் இடம் இது, ஏனென்றால் காது உதவாது. உதவுகிற சொல் ஒன்று உண்டு: ‘அட்வைஸ்’. அறிவுரை என்ற பொருளில் அதன் முடிவு பாம்பின் சீறல்போல ஒலிக்கும், சி வரும். அறிவுரை கூறு என்றால் இசட்டைப்போல அதிர்ந்து ஒலிக்கும், எஸ் வரும். தமிழில் இசட் ஒலிக்கு எழுத்தில்லாததால் நாம் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். லைசென்ஸும் பிராக்டிஸும் அதே வரிசையில் அமைந்துவிடும். அமெரிக்காவில் எப்பொருளிலும் லைசென்ஸுக்கு எஸ், பிராக்டிஸுக்கு சி.

கேள்வி: ‘ஸ்டேஷனரி’யில் ஏ வருமா, இ வருமா?

பதில்: நகராமல் நிற்கும் வண்டியானால் ஏ. காகிதம், பேனா என்றால் இ. ‘பேப்பர்’ முடியும் அதே இ-ஆர் இதிலும் வருகிறது என்று நினைவில் வையுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளில் எதைப் பின்பற்றுவது?

பதில்: எதுவானாலும் ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியில் எந்த நாட்டு ஆங்கிலம் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்கம் இருந்தால் யு-க்களுக்கெல்லாம் சிவப்புக்கோடு விழும். பெயர்களை மட்டும் திருத்தாதீர்கள். லண்டனில் அச்சிட்டாலும் அமெரிக்கத் துறைமுகமான பியர்ல் ஹார்பரின் பெயரில் யு கிடையாது. ஆஸ்திரேலியர்கள் ‘லேபர்’ என்ற சொல்லை யு போட்டுத்தான் எழுதுகிறார்கள். அந்நாட்டு லேபர் கட்சியின் பெயரில் மட்டும் 1912 முதல் யு இல்லை.