பெல்ஜியம் பியரைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கூஸ் என்ற பெல்ஜியம் பியருக்குப் பத்துக்கு இரண்டு கொடுத்திருக்கிறார், காரணம் புளிக்கிறதாம். அது புளிக்கத்தான் செய்யும். கூஸுக்கு அடிப்படையான, பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து லாம்பிக் பியருக்கு ஈஸ்ட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. கொதித்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை அகலமான தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தபடி ஆறவிட்டு, காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே நொதிக்க வைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்ததைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இதைப் போய் கடையில் கிடைக்கும் சாதாரண லாகர் வகைப் பியரோடு ஒப்பிட்டால் எப்படி?

ஒவ்வொன்றையும் அதன் வகைக்குள் வைத்துப் பாருங்கள். ட்ரிப்பெல் என்பது வெளிர் நிற, வீரியமான பெல்ஜியம் பியர் வகை; அதில் வெஸ்ட்மாலே ட்ரிப்பெல் 9.5 சதவீதம், அவ்வளவு ஆல்கஹாலும் தொண்டையில் காந்தாமல், பழ வாசனையோடு இறங்குகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

நிறம், நுரை, மணம், சுவை, வாயில் உணரும் கனம் என்று பிரித்துப் போடலாம், ஆனால் நிறத்துக்கு ரொம்ப மார்க் ஒதுக்காதீர்கள். மணத்துக்குக் கொடுங்கள். பியர் ஐஸ் மாதிரி இருந்தால் மணமே வராது, ட்ரிப்பெல் போன்றவற்றுக்கு 8 முதல் 12 டிகிரி சரி.

ஓர்வல் என்ற பெல்ஜியம் பியரைக் குடித்தால் பாட்டிலில் உள்ள தேதியையும் குறித்து வையுங்கள். புதிதாக இருக்கையில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசம் தூக்கலாக இருக்கும், மாதங்கள் போகப் போக பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் வேலை செய்து தோல் வாசனை, தொழுவ வாசனை ஏறும். எனக்கு அந்தப் பழையதுதான் பிடிக்கும்.

கடைசியாக, ஒரே உட்காரலில் மூன்று நான்குக்கு மேல் மதிப்பிடாதீர்கள், 9 சதவீதத்துக்கு அப்புறம் எல்லாமே பத்துக்குப் பத்துதான்.