அம்மாவுக்கு முட்டு மாற்றலாமா? முகாமில் சொல்லாத கணக்கு

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார். இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில், “ரோபோ வைத்து இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம், 98 சதவீதம் வெற்றி, 30 வருஷம் உழைக்கும், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் சலுகை” என்றார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டு மாதம் முன்பு மாற்றிக்கொண்டார். இன்னும் ராத்திரி வலியில் தூங்குவதில்லை. யாரை நம்புவது? — முக்கூடல் வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 98 என்று முகாமில் சொன்னார்களே, அது வழக்கமாக எப்படி வரும் தெரியுமா? வைத்த செயற்கை மூட்டைக் கழற்றி வேறு வைக்க வேண்டி வந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். வரவில்லை என்றால் வெற்றி. உங்கள் பெரியம்மா விடியவிடிய முழித்துக் கிடந்தாலும் மூட்டு உள்ளே பத்திரமாக இருப்பதால், அந்த 98 பேரில் அவரும் ஒருவர்.

மூட்டின் ஆயுளைத் தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு வேண்டும்தான். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மூட்டு மாற்றியவர்களின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முழு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 மூட்டு 25 வருஷம் தாங்குகிறது என்று தெரிந்தது. அம்மாவின் வயதுக்கு இது நல்ல செய்தி. ஆனால் நீங்கள் கேட்பது வலி போகுமா என்று. அதை நோயாளியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அப்படிக் கேட்டு எழுதிய ஆய்வுகளை பிரிட்டனில் ஒரு குழு தொகுத்து 2012-ல் வெளியிட்டது. நூற்றுக்கு 10 முதல் 34 பேர் வரை, மாதங்கள், வருஷங்கள் கழித்தும் தொல்லை தரும் வலி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உத்தேசமாக ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இதை முன்னமே செய்திருக்கலாமே என்பார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

அந்த ஐந்தில் ஒருவர் யார் என்பது முழுக்கத் தலையெழுத்து இல்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாகவும் வலி மட்டும் பலமாகவும் இருப்பவர்கள், முதுகு, தோள் என்று பல இடத்தில் வலி உள்ளவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் பலன் குறைவாகவே கிடைக்கிறது. இடுப்பு மூட்டு கெட்டுப்போனால் வலி முழங்காலில் தெரிவதும் உண்டு. அம்மாவைப் படுக்கவைத்து, காலை மடக்கி இடுப்பை உள்ளும் புறமும் ஒரு தடவை திருப்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. முகாமில் யாராவது அதைச் செய்தார்களா? சேலைக்கு மேலேயே முட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியிருப்பார்கள்.

உடற்பயிற்சி செய்து பார்த்தாரா என்றும் நீங்கள் எழுதவில்லை. டென்மார்க்கில் ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் மூன்று மாதம் முறையான பயிற்சி, எடைக் குறைப்பு. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஆபரேஷன். 2015-ல் வந்த முடிவில், ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு குணம், ஆனால் கடுமையான சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். செய்யாத 50 பேரில் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 13 பேர்தான். தைலம் தேய்ப்பது பயிற்சி ஆகாது, குற்றாலத்து அருவியில் முட்டைக் காட்டுவதும் ஆகாது. தொடைத் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

சரி, முகாம்காரருக்கு வருவோம். ஆள் அனுப்பினால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தரகர்கள் இந்தத் தொழிலில் உண்டு. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த அண்ணாச்சியாக இருப்பார், வேன் ஏற்பாடு செய்வார், ஆஸ்பத்திரி வாசல் வரை கூடவே வருவார். மாதக் கடைசி சலுகை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இருபது வருஷமாகத் தேய்ந்த மூட்டு இன்னும் மூன்று மாதம் காத்திருக்கும்.

அந்த 30 வருஷம் பெரும்பாலும் மனிதக் காலில் பார்த்தது இல்லை. ஒரு வகை மூட்டை ஆய்வுக்கூட இயந்திரத்தில் நான்கரைக் கோடி முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, ‘30 வருஷத் தேய்மானத்துக்குச் சமம்’ என்று விளம்பரம் செய்தார்கள். அது எல்லா மூட்டுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரோபோ விஷயத்தில், தென்கொரியாவில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி ரோபோவுக்கு ஒரு பாதி, வழக்கமான முறைக்கு ஒரு பாதி என்று பிரித்து, குறைந்தது பத்து வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. வலியிலும் மூட்டு தாங்குவதிலும் வித்தியாசம் இல்லை. ரோபோ கெடுதல் என்று நான் சொல்லவில்லை. கூடுதல் பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று கேளுங்கள். மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600, ஜிஎஸ்டி தனி. பிறகு சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. மூட்டு விலையில் கை வைக்க முடியாததால் மற்ற கட்டணங்களில் ஏற்றுகிறார்கள் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் எழுதினால் மூட்டு விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூட்டு வரும் பெட்டிக்குள் கம்பெனி, அளவு, எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஆபரேஷன் குறிப்பில் அதை ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்றே அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதே மூட்டில் கோளாறு வந்தால், என்ன வைத்தார்கள் என்றே தெரியாமல் வந்து நிற்கக் கூடாது.

இரண்டையும் ஒரே நாளில் வேண்டாம். ஒன்றைச் செய்து, நடந்து பழகி, அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிலருக்கு இரண்டு முட்டும் நீட்டவே முடியாதபடி மடங்கி நின்றுபோயிருக்கும். ஒன்றை மட்டும் நேராக்கினால் அந்தக் கால் நீளமாகத் தெரியும், பக்கத்துக் காலோ மடங்கியே இருக்கும். நிற்கும்போது சமன் செய்ய, புதிதாக நேராக்கிய காலையும் மடக்கியே ஊன்றுவார்கள். நாளடைவில் அதுவும் பழையபடி மடங்கத் தொடங்கும். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் சேர்த்தோ, சில நாள் இடைவெளியிலோ செய்வதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் இதயத்துக்கு எக்கோ எடுத்திருக்க வேண்டும், ரத்தசோகை இருக்கக் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். வருஷக்கணக்காகப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்தவர் என்பதால் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து முழங்காலுக்கு அடியில் உங்கள் கையை விடுங்கள். காலை நீட்டச் சொன்னால் அவரால் உங்கள் கையை அழுத்த முடிகிறதா? முடிந்தால் இந்த விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது.

யாரும் சொல்லாத இன்னொன்று, ஆபரேஷனுக்குப் பின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பீடித் தட்டை மடியில் வைக்கும் வாழ்க்கை முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியும் மேசையும் வேண்டும், வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை வேண்டும். முட்டி போட்டுத் துடைப்பது பலருக்குக் கடைசிவரை கஷ்டம்தான். தழும்பின் வெளிப்பக்கம் கொஞ்ச இடம் மரத்துப்போகும், நடக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரலாம். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். படித்துறையில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் இரண்டு மூன்று மாதம் உட்கார்ந்தால் வீட்டு வரவில் எவ்வளவு துண்டு விழும் என்றும் இப்போதே கணக்குப் போடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் இந்த ஆபரேஷனைச் செய்யலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள். வருமானச் சான்றுக்கும் கார்டுக்கும் அலைய விடுவார்கள், அலையுங்கள். எனக்கு எரிச்சல் அதற்கு அப்புறம்தான். ஆபரேஷனுக்குப் பணம் தருகிற அரசு, ஆறு மாதம் கழித்து “அம்மா, நடக்கிறீர்களா?” என்று ஒரு போன் செய்யாது. ஸ்வீடனில் 1975 முதல் முட்டு மாற்றியவர்களுக்குப் பதிவேடு இருக்கிறது, இங்கிலாந்தில் 2003 முதல். இங்கே மருத்துவர் சங்கம் ஒன்று நடத்துகிறது, விருப்பப்பட்ட டாக்டர் எழுதலாம். அதனால்தான் நான் உங்களுக்கு டென்மார்க் கணக்கையும் கொரியாக் கணக்கையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, எதிர்வீட்டுப் பெரியம்மா. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை ‘போகப் போகச் சரியாகும்’ என்று விடக் கூடாது. உள்ளே கிருமி, அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை, புது எக்ஸ்ரே, இடுப்பும் முதுகும் ஒரு தடவை, இவ்வளவும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வலித்தால் நரம்பு வலிக்கான மருந்தும் பயிற்சியும் இருக்கிறது. இப்படி ஆள் ஆளாகப் பார்த்துக் காரணத்துக்கேற்ற சிகிச்சை கொடுத்தால் வலி குறைகிறது என்று 2022-ல் பிரிட்டன் ஆய்வு ஒன்றும் காட்டியிருக்கிறது. டாக்டரிடம் போகும் முன் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே சீழ் இருந்தால் மூட்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும், மாத்திரை போட்டுவிட்டால் கிருமி அதில் பிடிபடாமல் போகலாம்.