சாட்டையும் ஃப்ளை ராடும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மீன்பிடிப்பு பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு, ஒன்பது அடி நீளத்தில் ஐந்தாம் எண் ஃப்ளை ராடு ஒன்றை, அதாவது பூச்சியைப் போலக் கட்டிய தூண்டில் ஊசியை (ஃப்ளை) வீசும் கோலை வாங்கினேன். மூன்று வாரமாக வாய்க்கால் மேட்டில் தினமும் மாலையில் வீசிப் பழகுகிறேன். மண்புழு கோத்துத் தக்கை கட்டிய தூண்டில் எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஆனால் இதில் லைன், அதாவது தூண்டில் கயிறு, காலடியிலேயே சுருண்டு விழுகிறது. வேகத்தைக் கூட்டினால் முதுகுக்குப் பின்னால் ‘சடீர்’ என்று சத்தம் கேட்கிறது. இரண்டு ஃப்ளைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இன்னும் கனமான ராடு வாங்க வேண்டுமா? பழகிய பின் எங்கே போய் மீன் பிடிக்கலாம்?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

வேறு ராடு வாங்க வேண்டாம். உங்களுக்குக் கேட்கும் அந்தச் சத்தமே பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

என் அப்பாரு மாட்டுவண்டி ஓட்டும்போது சாட்டை ஒருநாளும் காளையின் தோலில் பட்டதில்லை. முதுகுக்கு மேலே காற்றில் வெடிக்கும், காளை நடையைக் கூட்டும். சாட்டையின் நுனி பின்னால் நீண்டு முடிவதற்குள் கை முன்னால் திரும்பிவிட்டால், அந்த நுனி ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடும், அதுதான் வெடிப்பு. வண்டிக்காரருக்கு அந்தச் சத்தம் தேவை. ஃப்ளை ராடில் அதே சத்தம் கேட்டால், பின்னால் போன லைன் விரிந்து முடியும் முன்பே நீங்கள் முன்னால் இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தச் சொடுக்கில்தான் உங்கள் இரண்டு ஃப்ளைகளும் அறுந்து போயிருக்கின்றன.

தக்கைத் தூண்டிலில் பழகிய கைக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஈயக்குண்டின் எடை மெல்லிய நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே ஃப்ளைக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தடித்த லைனே எடை. எண் என்பது லைனின் எடையைக் குறிப்பது. ஐந்தாம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும், பழைய கணக்கில் 140 கிரெய்ன். அந்த 9 கிராமும் 30 அடி நீளத்துக்குப் பரவிக் கிடப்பதால், லைன் நேராக நீண்டு நிற்கும்போது மட்டுமே ராடை வளைக்கும் வலு அதற்கு வருகிறது. சுருண்டு தொங்கும் லைனை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தொய்வை எடுப்பதிலேயே கையின் வேகம் தீர்ந்துவிடும். ராடு வளையாது, வளையாத ராடு எதையும் எறியாது. ஆகவே பின்வீச்சு சரியாக இல்லாமல் முன்வீச்சு என்று ஒன்று கிடையாது.

25 அடி லைனை மட்டும் வெளியே விட்டு, ராடின் நுனியைத் தாழ்த்தி, தொய்வே இல்லாமல் தொடங்குங்கள். மெதுவாகத் தூக்கி, சீராக வேகம் கூட்டி, தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு மணி வரும் இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். மம்பட்டியில் ஒட்டிய ஈர மண்ணை உதறும்போது, வீசிய கை சட்டென்று நிற்பதால்தானே மண் கழன்று பறக்கிறது. இங்கும் வீச்சைப் போலவே நிறுத்தமும் முக்கியம். பின்வீச்சில் மணிக்கட்டு மடிந்தால் ராடின் நுனி பின்பக்கம் சாய்ந்து லைன் தரையில் அடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ராடின் அடிக்கட்டையைக் கைப்பட்டிக்குள் செருகிப் பழகினால் ஒரு வாரத்தில் மணிக்கட்டு அடங்கும்.

நிறுத்திய பிறகு தலையைத் திருப்பிப் பாருங்கள். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவேன். எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று எண்ணிக் கற்க முடியாது, ஏனென்றால் லைன் நீள நீளப் பொறுக்கும் நேரமும் நீளும். காங்கேயம் பக்கத்தில் நண்பர் ஒருவரின் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), தை மாதக் காலையில், கொழுக்கட்டைப் புல்லிலிருந்து லைனைத் தூக்கும்போதெல்லாம் பனித்துளி முகத்தில் தெறிக்க வீசிக்கொண்டிருந்தபோதுதான் என் பின்வீச்சை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்று காற்றில் படுத்தபடி பின்னோக்கி ஓடுவதைப் போல இருந்தது. வளைவின் கீழ்ப்பக்கம் நீண்டுகொண்டே போக, மேல்பக்கம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கைத்தடியின் வளைந்த பிடி அளவே மிஞ்சியது. அந்தக் கணத்தில், கட்டிய கன்று கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைப் போல, உள்ளங்கையில் ஒரு மெல்லிய இழுப்பு தெரிந்தது. முன்னால் வீசத் தொடங்க வேண்டிய இடம் அதுவே. அன்று வெயில் ஏறும் வரை அந்த இழுப்புக்காகவே வீசினேன். அதன் மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

வாய்க்கால் மேட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பின்னால் தென்னை இருந்தால் மட்டையில் மாட்டும் என்ற அச்சத்திலேயே கை அவசரப்படும். சோளம் அறுத்த காடும் ஆகாது, தட்டையின் அடிக்கட்டைகள் லைனின் மேல்பூச்சைக் கீறிவிடும். புல் வளர்ந்த பள்ளி மைதானம் நல்லது. நம் பக்கத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து புகும் மேல்காற்று ஆனி, ஆடியில் மாலையில் நிற்கவே விடாது, விடிகாலையில் போங்கள். அப்போதும் காற்று இருந்தால், வலக்கைப் பழக்கமுள்ளவர் வடக்கு நோக்கி நிற்க வேண்டும். காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து லைனை உடம்பைவிட்டு விலக்கிக்கொண்டு போகும். ஃப்ளைக்குப் பதிலாகப் பனியன் துணியில் ஒரு சிறு துண்டை முடிந்துகொண்டால் போதும்.

எங்கே பிடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பவானிசாகர் போன்ற அணைகளில் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே லைனை நீரில் போடுங்கள். தொடக்கத்துக்கு ஜிலேபியும் கெண்டையும் போதும். மோயாற்றை மட்டும் நினைக்க வேண்டாம். அது புலிகள் காப்பகத்துக்குள் ஓடுவது. அங்கே வாழும் திமில் மஹ்சீர் என்ற மீனை 2018-இல் மிக அருகிவிட்ட இனமாக, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அணைக்குப் போகும் நாளில் கண்ணாடியும் தொப்பியும் அணிந்து, ஊசியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுக் கட்டுங்கள்.

அன்புடன்.